எமன் எதிர்ல வந்து உக்கார்ற படங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தர் ராத்திரி தனியா பாக்க ஒரு படம் சொல்லுங்கன்னு கேட்டதுக்கு, 1921ல வந்த ஸ்வீடன் மௌனப்படம் 'தி ஃபாண்டம் கேரேஜ்' பாருங்கன்னு நாலு வரில எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், மெயில் எல்லாம் பாத்தா பாதிக்கு மேல இந்த மாதிரி படங்களப் பத்திதான். அதனால இந்தத் தடவை மத்த கேள்விகளத் தள்ளி வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. கொஞ்ச நாளா சாவு, மறுமை, எமன்னு வர்ற ரொம்பப் பழைய படங்களாத் தேடித்தேடிப் பாக்கறேன், யாருக்கும் பேரே தெரியாத படமா இருந்தா இன்னும் பிடிக்குது. வீட்ல 'நல்லா இருக்கற வயசுல ஏண்டா இந்த அபசகுனம்'னு திட்டறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, என்கிட்ட ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. சாவைப் பத்தி யோசிக்காத மனுஷன் கிடையாது, அதை வாய்விட்டுப் பேச எங்கயும் இடம் இல்லாததாலதான் நீங்க படத்துல போய்த் தேடறீங்கன்னு எனக்குத் தோணுது. சும்மா சொல்லல. எங்க அண்ணன் போனப்போ நாங்க எல்லாரும் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளில நின்னுட்டிருந்தோம். முகம் தெரியல, போர்வைக்கு வெளில ஒரு பாதம் மட்டும் தெரிஞ்சுது, பக்கத்துல ஒரு மெஷின்ல பச்சைக் கோடு ஓடிட்டிருந்துது. அப்புறம் ஒருத்தர் வெளில வந்து சொன்னார். அவ்வளவுதான். பொறந்ததுலருந்து கூட இருந்த மனுஷன், போற நேரத்துல நான் கிட்ட இல்ல. அதுக்கப்புறம் மாசக்கணக்கா யார்கிட்டயும் அதைப் பேச முடியல, வாயத் தொறந்தாலே 'விடு, அதையே நெனச்சுட்டிருக்காத'ம்பாங்க, நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா நெனக்காம எப்படி இருக்கறது?

அந்த நேரத்துலதான் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'டெஸ்டினி'ய தற்செயலா பாத்தேன். அதுவும் 1921 படம்தான், ஜெர்மன். அவங்க மொழில வெச்ச பேருக்கு 'களைச்சுப்போன மரணம்'னு அர்த்தம். நம்ம சாவித்திரி கதை மாதிரிதான் ஆரம்பிக்கும், ஒரு பொண்ணோட காதலனை மரணம் கூட்டிட்டுப் போயிடுது, அவ விடாம பின்னாடியே போய்த் திருப்பிக் கொடுன்னு கேக்கறா. மரணம் இங்க கறுப்பு உடுப்பு போட்ட, ஒட்டின கன்னத்தோட ஒரு உயரமான ஆள். அவன் அவள ஒரு பெரிய கூடத்துக்குள்ள கூட்டிட்டுப் போறான், உள்ள பூரா மெழுகுவர்த்தி, குட்டையும் நெட்டையுமா எரிஞ்சுட்டிருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு உயிர். ஒரு வர்த்தி முடியப்போகுது. அவன் ரெண்டு கையையும் அந்தச் சுடர்கிட்ட கொண்டுபோறான், சுடர் எழும்பி வந்து அவன் கைக்குள்ள ஒரு கைக்குழந்தையா மாறுது, கொஞ்ச நேரம் அப்படியே ஏந்திட்டிருக்கான், அப்புறம் குழந்தை மறைஞ்சு போயிடுது. அடுத்த ஷாட்ல வேற எங்கயோ ஒரு வீட்ல ஒரு தாய் அழுதுட்டிருக்கா.

நான் அந்த இடத்துல அவன் முகத்தையே பாத்துட்டிருந்தேன். அவ்வளவு களைப்பு அதுல. மனுஷங்க படற பாட்டைப் பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு, இந்த வேலையே எனக்கு வெறுத்துப்போச்சு, ஆனா கடவுள் இட்ட கட்டளைங்கற மாதிரி அவகிட்ட சொல்லுவான். அண்ணன் போனதுக்கு அப்புறம் முதல் தடவையா அன்னைக்குதான் ஒழுங்கா அழுதேன். அந்தப் பச்சைக் கோட்டுகிட்ட என்னால ஒண்ணும் கேக்க முடியல தம்பி, இவன்கிட்ட கேக்க முடிஞ்சுது.

இந்தப் படங்களோட ஈர்ப்பே இதுலதான் இருக்குன்னு நான் நம்பறேன். சாவு ஒரு ஆளா வந்து எதிர்ல உக்காருது, கெஞ்சலாம், சண்டை போடலாம், பேரம் பேசலாம், ஏன்டா இப்படிப் பண்ணனு கேக்கலாம். இப்ப வர்ற படங்கள்ல நூறு பேர் சாவாங்க, ஒரு சாவோடயும் நம்மள உக்கார விடமாட்டாங்க. அந்தக் காலத்துல எடுத்தவங்களும் பாத்தவங்களும் வேற மாதிரி வாழ்ந்தவங்க. 1914லருந்து 1918 வரைக்கும் உலகப்போர், லாங்கே அதுல சிப்பாயாப் போய் காயம் பட்டவர். போர் முடியறதுக்குள்ள 1918 ஃப்ளூ வந்து கோடிக்கணக்கான பேரை வாரிட்டுப் போச்சு. டிபிக்கு மருந்தே கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943ல. 'ஃபாண்டம் கேரேஜ்' ஆரம்பத்துலயே டிபி வந்த ஒரு இளம்பொண்ணு வீட்டுக் கட்டில்ல சாகக் கிடப்பா, அவ அம்மா பக்கத்துல உக்காந்திருப்பா. அன்னைக்கு தியேட்டர்ல பாத்தவங்கள்ல எத்தனையோ பேர் அதே மாதிரி கட்டில் பக்கத்துல உக்காந்து எழுந்து வந்தவங்க. அவங்களுக்குப் போய் சாவைக் காட்டி யாரும் பயமுறுத்த வேண்டியதில்ல, கூட உக்காந்தாப் போதும். அந்தக் கூட உக்கார்ற தன்மைதான் உங்கள இழுக்குது. வீட்ல திட்டறவங்கள்ல ஒருத்தரை பக்கத்துல உக்கார வெச்சு ஒரு படம் பாருங்க, ஒருவேளை அவங்களுக்கும் பேச வேண்டியது இருக்கும்.

கேள்வி: மௌனப்படம் போட்டாலே எனக்குப் பத்து நிமிஷத்துல தூக்கம். ஆளுங்க வேற சாவி குடுத்த பொம்மை மாதிரி வேகமா ஓடறாங்க, இதுல எப்படி சோகம் வரும்?

பதில்: நீங்க பாத்த பிரதி சரியில்ல. அப்போ கேமராவைக் கையால சுத்திதான் எடுத்தாங்க, செகண்டுக்கு 16, 18, 20 ஃப்ரேம்னு படத்துக்குப் படம் மாறும். பேசும்படம் வந்தப்புறம்தான் 24ன்னு நிலைச்சுது. பழசை எடுத்து 24ல ஓட்டினா எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. ஃபிலிம் ஆவணக் காப்பகங்கள் சரிபண்ணி வெளியிட்ட பிரதியாத் தேடுங்க, நடை இயல்பா இருக்கும், முகத்துல ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். போனை வேற ரூம்ல வெச்சுடுங்க. மௌனப்படம் கண்ணாலதான் பேசும், ரெண்டு தடவை கீழ குனிஞ்சு நிமிந்தா கதை போயிடும்.

'ஃபாண்டம் கேரேஜ்'ல ஒரு காட்சி சொல்றேன், அதுக்கும் தூக்கம் வந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கதைப்படி வருஷக் கடைசி ராத்திரி பன்னெண்டு அடிக்கறப்போ யார் சாகறாங்களோ அவங்கதான் அடுத்த ஒரு வருஷம் மரணத்தோட குதிரை வண்டிய ஓட்டணும். செல்மா லாகர்லாஃப் 1912ல எழுதின கதை, இலக்கிய நோபல் வாங்கின முதல் பொண்ணு அவங்கதான். அந்த வண்டி கடல்ல மூழ்கினவனைக் கூட்டிட்டு வரப் போகும். அலைமேலயே குதிரை நடந்து வரும், வண்டிக்காரன் இறங்கி அப்படியே கடலுக்கு அடில போய் அவனைத் தூக்கிட்டு வருவான், அவன் உடம்பு வழியா தண்ணியும் பாறையும் தெரியும். கம்ப்யூட்டர் ஏது அப்போ? ஒரே ஃபிலிம்ல முதல்ல கடலை எடுத்துட்டு, ஃபிலிமை திரும்பச் சுத்தி, அது மேலயே வண்டியையும் ஆளையும் எடுத்திருக்காங்க. முதல் தடவை எந்த வேகத்துல சுத்தினாரோ அதே வேகத்துல கேமராமேன் யூலியஸ் யென்சான் மறுபடியும் கையால சுத்தணும், கை கொஞ்சம் தடுமாறினா ஆவி ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் போயிடும். ஆவியப் பத்தின படம்னாலும் அதுல இருக்கறது பூரா ஒரு மனுஷனோட கை நிதானம், அதை நெனச்சுப் பாத்தா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கும்.

கேள்வி: மெக்சிகோ படம் 'மகாரியோ'ல வர்ற மெழுகுவர்த்திக் குகை, 'டெஸ்டினி'லருந்து சுட்டதுதானே?

பதில்: அவசரப்படாதீங்க. ரெண்டுக்கும் பின்னாடி ஒரே பாட்டி இருக்கா. கிரிம் சகோதரர்கள் 1812ல தொகுத்த நாட்டுக் கதைகள்ல ஒண்ணு, ஒரு ஏழை தன் புள்ளைக்கு ஞானத்தந்தையா கடவுளையும் வேண்டாம்னுட்டு, பிசாசையும் வேண்டாம்னுட்டு மரணத்தைக் கூப்பிடுவான். ஏன்னா அதுக்குத்தான் ஏழை, பணக்காரன்னு பேதம் கிடையாது. உயிருக்கு ஒரு விளக்குன்னு எரியற குகை அந்தக் கதைல இருக்கு. 'மகாரியோ'வோட மூலக்கதைய எழுதின பி. டிராவன் அங்கருந்துதான் எடுத்தார்.

1960ல வந்த படம், ஆஸ்கர்ல வெளிநாட்டு மொழிப் பிரிவுக்குப் போட்டி போட்ட முதல் மெக்சிகோ படம், இப்ப எத்தனை பேர் பாத்திருக்காங்க சொல்லுங்க. ஒரு விறகுவெட்டி, வாழ்நாள் பூரா அரைவயிறு. யாருக்கும் பங்கு குடுக்காம ஒரு முழு வான்கோழிய தனியா சாப்பிடணும்ங்கறதுதான் அவனோட ஒரே ஆசை. பொண்டாட்டி எப்படியோ ஒண்ணைத் திருடி சமைச்சுக் குடுக்கறா, அவன் காட்டுக்குள்ள எடுத்துட்டுப் போறான். பிசாசு வந்து கேக்குது, தரல. கடவுள் வந்து கேக்கறார், தரல. மூணாவதா மரணம் வந்து பசியோட நிக்குது, பாதிய வெட்டிக் குடுத்துடறான். காரணம் என்ன சொல்றான் தெரியுமா, நீ வந்துட்டா அப்புறம் எனக்கு நேரமே இல்ல, நீ சாப்பிட்டு முடிக்கற வரைக்குமாவது நானும் சாப்பிடலாமேன்னு பாத்தேங்கறான். இந்த ஒரு பதிலுக்காக அந்தப் படத்தை எத்தனை தடவை வேணா பாப்பேன். பசி தெரிஞ்சவனுக்கு சாவும் ஒரு விருந்தாளிதான்.

சுட்டதுன்னு சொல்லணும்னா வேற ஒண்ணு இருக்கு. 'டெஸ்டினி'ல பறக்கற கம்பளம் வரும், அதைப் பாத்த ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் படத்தோட அமெரிக்க உரிமைய வாங்கி, அங்க உடனே வெளியிடாம வெச்சுக்கிட்டு, தன்னோட 1924 படத்துல அதே மாதிரி பண்ணினார். ஒரு படம் வெளில தெரியாமப் போறதுக்கு இப்படியும் காரணம் இருக்கும்.

கேள்வி: எமனா நடிச்சதுல யார் பெஸ்ட்?

பதில்: 'டெஸ்டினி'ல வர்ற பெர்ன்ஹார்ட் கோட்ஸ்கே, சந்தேகமே இல்ல. அடுத்து பிரெஞ்சு இயக்குநர் கோக்தோ 1950ல எடுத்த 'ஆர்ஃபே'ல மரியா கசாரெஸ், அதுல மரணம் ஒரு பொண்ணு, கண்ணாடி வழியா வருவா போவா, கூட்டிட்டுப் போக வந்த இடத்துல காதல்ல விழுந்து தவிப்பா. கை கண்ணாடிக்குள்ள நுழையற ஷாட்டுக்குத் தொட்டில பாதரசத்தை ஊத்தி எடுத்தாங்க. 1934ல ஃபிரெட்ரிக் மார்ச் நடிச்ச 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே'யும் பாருங்க, மரணம் மூணு நாள் லீவு போடும், அந்த மூணு நாளும் உலகத்துல ஒரு உயிர் கூட போகாது.

கேள்வி: சாவோட செஸ் விளையாடற படம் மாதிரி பேர் பெத்த படங்களே இருக்கே, ஏன் தூசு தட்டி பேர் தெரியாத படமா தேடணும்? அது ஒரு பந்தா இல்லையா?

பதில்: பந்தாவுக்குத் தேடறவங்களும் இருக்கலாம், அவங்கள விடுங்க. பேர் பெத்த படத்தை நாம பாக்கறதுக்கு முன்னாடியே ஆயிரம் பேர் அதுல எங்க அழணும், எங்க பிரமிக்கணும்னு சொல்லி வெச்சுட்டாங்க. தெரியாத படத்துல நாம தனி ஆள். சாவும் அப்படித்தானே, யாரோட அனுபவமும் நமக்கு உதவாது.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'னு ஒண்ணு, 1962. எடுத்த ஹெர்க் ஹார்வி அமெரிக்காவுல கேன்சஸ்ல ஒரு கம்பெனில பாடப்படம், தொழிற்சாலைப் படம்னு எடுத்துட்டிருந்தவர். ஒரு நாள் கார்ல வர்றப்போ யூட்டாவுல உப்பு ஏரிக்கரைல பாழடைஞ்சு நின்ன பெரிய கேளிக்கை மண்டபத்தைப் பாத்தார், அதை வெச்சே ஒரு கதை பண்ணி ரொம்பச் சின்ன பட்ஜெட்ல எடுத்துட்டார். வெளுத்த முகத்தோட துரத்தி வர்ற ஆளும் அவரேதான். முழுநீளக் கதைப்படம்னு அவர் எடுத்தது வாழ்நாள்ல அது ஒண்ணுதான். வந்தப்போ யாரும் சீண்டல, அப்புறம் ராத்திரி டிவில போட்டுப் போட்டு வருஷக்கணக்கா கழிச்சு ஜனங்க கண்டுபிடிச்சாங்க. கார் ஆத்துல விழுந்து பிழைச்சு வந்த ஒரு பொண்ணு கதை. ஒரு கடைல டிரஸ் போட்டுப் பாத்துட்டு வெளில வருவா, திடீர்னு உலகத்துல சத்தமே இருக்காது, தெருச் சத்தம் இல்ல, அவ பேசினா யாருக்கும் கேக்கல, எதிர்ல நிக்கறவங்களுக்கு அவ கண்ணுக்கே தெரியல. ரத்தம், அலறல் எதுவும் கிடையாது. நாம இல்லாமப் போனதுக்கு அப்புறமும் கடைல வியாபாரம் நடந்துட்டேதான் இருக்கும்ங்கறதை அவ்வளவு பக்கத்துல வேற எந்தப் படமும் எனக்குக் காட்டினதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. இந்தப் படச்சுருள்களுக்கே ஆயுசு கம்மி. 1950களோட ஆரம்பம் வரைக்கும் நைட்ரேட் ஃபிலிம்தான் ஓடுச்சு, பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது, பத்தாம இருந்தாலும் வருஷம் ஆக ஆக பிசுபிசுன்னு ஒட்டி கடைசில பழுப்புத் தூளா உதிர்ந்துடும். உள்ள இருக்கற வெள்ளிக்காக உருக்கினதும் உண்டு. அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013ல வெளியிட்ட அறிக்கைப்படி அங்க வந்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப்படத்துல அசல் வடிவத்துல முழுசாத் தப்பிச்சது 14 சதவீதம்தான். அப்போ ஒரு பழைய படத்தைப் பாக்கறப்போ, நடிச்சவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க, எடுத்தவரும் இல்ல, அவங்க சாவைப் பத்தி எடுத்தது மட்டும் எப்படியோ சாகாம நம்ம கண்ணு முன்னாடி ஓடிட்டிருக்கு. அதைத் தேடிப் போறதை பந்தான்னு என்னால சொல்ல முடியல.

கேள்வி: அப்பா தவறி மூணு வாரம் ஆகுது. தூக்கம் இல்ல. நீங்க எழுதினதைப் பாத்து அந்த மாதிரி படம் பாக்கலாம்னு தோணுது, பாக்கலாமாக்கா?

பதில்: இப்ப வேண்டாம்மா. மூணு வாரம்ங்கறது ஒண்ணுமே இல்ல. முதல்ல தூக்கத்துக்கு டாக்டரைப் பாருங்க, அப்பாவைத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர்கிட்ட அவரைப் பத்திப் பேசுங்க, அவர் எப்படி சிரிப்பார், எதுக்குக் கோவிச்சுப்பார்ன்னு. நானும் போயிடலாமேங்கற மாதிரி ஒரு எண்ணம் எட்டிப் பாத்தாலும் படம் பக்கமே போகாம அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிடணும், இது நான் உங்ககிட்ட கேட்டுக்கறது. முக்கியமா டென்மார்க் இயக்குநர் ட்ரையர் 1932ல எடுத்த 'வாம்பிர்' மாதிரி எதையும் தொடாதீங்க, அதுல சவப்பெட்டிக்குள்ள கண் திறந்து கிடக்கறவனோட பார்வைலருந்தே எடுத்திருப்பாங்க, மூடில இருக்கற கண்ணாடி வழியா ஆணி முடுக்கறதும், தூக்கிட்டுப் போறப்போ மேல மரமும் வானமும் நகர்றதும் தெரியும். பிரமாதமான காட்சி, ஆனா இப்ப உங்களுக்கானது இல்ல.

சில மாசம் போகட்டும். அப்போ ஜப்பான் இயக்குநர் குரோசவாவோட 'இகிரு' பாருங்க, 1952, ரொம்பத் தெரிஞ்ச படம்தான், பரவால்ல. வயித்துல கேன்சர் வந்த ஒரு வயசான அரசு அதிகாரி, முப்பது வருஷமா ஃபைல்ல முத்திரை குத்தினதத் தவிர ஒண்ணும் பண்ணாதவர், கடைசி சில மாசத்துல குழந்தைங்களுக்கு ஒரு பூங்கா கட்டப் போராடறார். படத்துல மூணுல ஒரு பங்கு மீதி இருக்கறப்பவே அவர் செத்துப்போயிடுவார், மிச்சம் பூரா துக்கத்துக்கு வந்தவங்க உக்காந்து அவரைப் பத்திப் பேசறது. ஆளாளுக்கு ஒரு துண்டு தெரியும், சேத்து வெச்சாதான் மனுஷன் கிடைப்பார். உங்க அப்பாவைப் பத்தியும் உங்களுக்குத் தெரியாத துண்டு வேற யார்கிட்டயாவது இருக்கும்மா.

கேள்வி: சாவைப் பத்தி இப்படிப் படம் எடுத்தவங்க, தன்னோட சாவு வர்றப்போ எப்படி இருந்திருப்பாங்க?

பதில்: உள்ள எப்படி இருந்தாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஆனா ஒருத்தரோட முகத்தை மட்டும் பாக்க முடியும். 'ஃபாண்டம் கேரேஜ்' எடுத்த விக்டர் ஷோஸ்ட்ராம் அதுல நாயகனா வர்ற குடிகாரன் வேஷத்தையும் தானே பண்ணினார், அப்போ நாப்பது வயசு சுமார். அந்தப் படத்தை வருஷா வருஷம் பாத்து வளந்த ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன், 1957ல 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்'ல அவரையே ஒரு வயசான பேராசிரியரா நடிக்க வெச்சார், அப்போ அவருக்கு 77 வயசு. படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அவருக்கு ஒரு கனவு வரும். முள் இல்லாத கடிகாரம், ஆளில்லாத தெரு, ஓட்டறவன் இல்லாம ஒரு சவ வண்டி வரும், சக்கரம் விளக்குக் கம்பத்துல மாட்டிக்கும், பெட்டி சரிஞ்சு விழும். உள்ளருந்து ஒரு கை நீண்டு இவர் கையப் பிடிக்கும், குனிஞ்சு பாத்தா உள்ள இருக்கறது இவரேதான். 36 வருஷத்துக்கு முன்னாடி இவர் ஓட்டிவிட்ட வண்டி இவர்கிட்டயே வந்து நிக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

கடைசிப் பக்கம் இன்னொரு கனவு, தூரத்துல தண்ணி ஓரமா அவரோட அம்மா அப்பா உக்காந்திருப்பாங்க, கையாட்டுவாங்க. அதைப் பாக்கற முகத்தை கிட்டத்துல காட்டுவாங்க. அன்னைக்கு ஷூட்டிங் இழுத்துட்டே போக, சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஸ்கி குடிக்கற நேரம் தள்ளிப்போகுதுன்னு அவர் கோவத்துல இருந்தாராம், பெர்க்மனே சொல்லியிருக்கார். கேமரா ஓடினதும் அந்த முகம் அப்படித் தெளிஞ்சுது. 1960 ஜனவரில ஷோஸ்ட்ராம் காலமானார். ரெண்டையும் அடுத்தடுத்த ராத்திரில பாருங்க, முதல் நாள் 1921, மறுநாள் 1957.